மிளகாய்க் காம்பில் உறைந்த சீஸ்

ஜூன் 12

இந்த நோட்டில் உண்மையை மட்டும் எழுதுவேன். எனக்குச் சாதகமாக இல்லாத உண்மையையும் எழுதுவேன். என்ன சாப்பிட்டேன், அதன் பிறகு உடம்பில் என்ன ஆயிற்று என்று தினமும் எழுதி வைக்கும்படி திருப்பூர் டாக்டர் அம்மா சொன்னார். சாப்பாட்டை மட்டும் எழுதினால் நோட்டு ஹோட்டல் பலகை மாதிரி ஆகிவிடும். அதனால் மற்றதையும் எழுதப் போகிறேன்.

என் பெயர் நிரஞ்சனா. ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பால் சேராது. பாலில் இருக்கும் புரதத்தை என் உடம்பு எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது. உதடு வீங்கும், தோல் தடிக்கும், வாந்தி வரும். சண்டையில் ஜெயிப்பது யார் என்று தெரியவில்லை. அடி படுவது நான்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பனியன் கம்பெனியில் ஒரே நேரத்தில் நைட் ஷிப்டு வந்துவிட்டதால் என்னைக் கொடைக்கானலுக்கு, அப்பாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அத்தை பெயர் பஞ்சவர்ணம். மாமா பெயர் தவமணி. அவர்களுடைய மகள் மதுரையில் காலேஜில் இருக்கிறாள், அவளுடைய அறை இப்போது எனக்கு. மாமாவின் தொழில் பால். பண்ணைகளில் பால் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் சீஸ் செய்து, ஏரிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் விற்கிறார்.

அதாவது, பால் சேராத என்னைச் சீஸ்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

ஜூன் 13

காலை: இட்லி, வரக்காப்பி. மதியம்: சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல். இரவு: தோசை. உடம்பு: ஒன்றும் இல்லை.

ஜூன் 15

மாமா நல்லவர். முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன். எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தந்தார், பள்ளிக்கு ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் பால் விஷயத்தில் அவருடன் பேச முடியாது.

"மருமகளே, கீழ விக்கிற பாக்கெட் பால் சேராது, சரி. ஒத்துக்கிறேன். நம்ம பால் பூம்பாறப் புல்லு தின்ன மாட்டோட பால். இது சேரும்."

"எந்த மாட்டுப் பாலும் சேராது மாமா. டாக்டர் சொல்லிட்டாங்க."

"அப்ப ஆடு?"

"ஆடும்தான்."

"எரும?"

"எருமையும் மாமா. எல்லாம் ஒரே மாதிரி புரதம்."

"ஒட்டகம் ஒண்ணுதான் பாக்கி. ராஜஸ்தானுக்கு ஆள் அனுப்புவோம்," என்றார்.

அத்தை பால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "நம்ம காலத்துல இப்படியெல்லாம் உண்டா?" என்று அவளிடம் மாமா கேட்டபோது தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஒட்டகப் பால் பற்றிப் பள்ளி நூலகத்தில் பார்க்க வேண்டும்.

ஜூன் 21

ஷெட்டுக்குள் இன்று முதல் முறை போனேன். சீஸ் செய்வது மாமா என்றுதான் நினைத்திருந்தேன். செய்வது அத்தை. மாமா பால் கொண்டுவருகிறார், விற்கிறார். பாலைச் சூடாக்கி, உறை ஊற்றி, அது திரண்டதும் நீளக் கத்தியால் வெட்டி, துணியில் வடித்து, அச்சில் போட்டு அழுத்தி, உப்புத் தண்ணீரில் கிடத்தி, பிறகு பலகையில் அடுக்கி வாரக்கணக்கில் திருப்பித் திருப்பி வைக்கிறாள். ஒவ்வொரு கட்டியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள், முகர்கிறாள், பிறகு இது ஆச்சு, இது ஆகல என்கிறாள்.

"ருசி பாக்க மாட்டீங்களா அத்தை?"

"ருசி பாக்குறதுக்குத்தான் உங்க மாமா இருக்காரே."

"ஏன் நீங்க பாக்கல?"

"வேண்டுதல்," என்றாள். "பால் சம்பந்தப்பட்டது எதுவும் தொடுறதில்லன்னு முருகனுக்கு நேர்ந்திருக்கேன். நீ அந்தக் கத்திய எடுத்துக் குடு."

ஜூன் 22

இன்று மாமாவைப் பார்க்க வந்த பேங்க்காரரிடம் மாமா அத்தையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி கல்யாணமான மாசமே பால விட்டுட்டா சார். பிள்ள பொறக்கணும்னு வேண்டுதல். பொறந்துச்சு. அப்புறம் சொந்த வீடு கட்டணும்னு. கட்டியாச்சு. இப்ப மெயின் ரோட்ல பெரிய கட. பால் நடுவுலயே நின்னுட்டு ஒரு சொட்டு நாக்குல விடாம இருக்கணும்னா, அது எப்பேர்ப்பட்ட மனசு."

பேங்க்காரர் எழுந்து நின்று அத்தையைக் கும்பிட்டார்.

ஒரு வேண்டுதல் முடிந்ததும் அடுத்த வேண்டுதல் தொடங்கிவிடுகிறது. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அத்தையின் பக்தி எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஜூன் 28

என் தோழி பெயர் ஷெர்லின். அவளுடைய அப்பா பேக்கரி வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் அங்கே போனோம். ஷெர்லின் சீஸ் டோஸ்ட் சாப்பிட்டாள். கடித்து இழுத்தால் நூல் நூலாக வருகிறது. எனக்கு வெறும் ரொட்டியும் ஜாமும்.

"உனக்கு இது பிடிக்கவே பிடிக்காதா?" என்று கேட்டாள்.

"பிடிக்காது," என்றேன்.

உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில், தடிப்பு வர ஆரம்பிக்கும் முன்பு, எனக்குச் சீஸ் மிகவும் பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்பதால் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன். ஷெர்லினிடம் இதைச் சொன்னேன். அவள் மென்றுகொண்டே யோசித்தாள்.

"அப்ப பால் இல்லாத சீஸ் செய்யலாம். எங்க கடைல உடைஞ்ச முந்திரி டப்பா டப்பாவா கெடக்கு."

ஜூலை 6

முந்திரியை ஊறவைத்து, அரைத்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். ஷெர்லின் விரலால் எடுத்து நக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சீஸ் இல்ல, முந்திரிச் சட்னி. இட்லி இருந்தா குடு."

அவள் சொன்னது சரி. புளிப்பு வேறு, எலுமிச்சைப் புளிப்பு வேறு. சீஸின் புளிப்பு தானாக வர வேண்டும். பிழிந்து வரக் கூடாது.

ஜூலை 7

வேர்க்கடலையில் செய்தோம். கடலை மிட்டாய் வாசனை. தோல்வி. இருவரும் சாப்பிட்டுத் தீர்த்தோம். உடம்பு: வயிறு கனமாக இருக்கிறது, அது வேர்க்கடலையின் குற்றம் இல்லை, அளவின் குற்றம்.

ஜூலை 13

மாமா வெளியூர் போன சமயம் பார்த்து வீட்டு அடுக்களையில் அரைத்தேன். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

"புளிக்க வைக்கணும் அத்தை. பால்ல உறையூத்துற மாதிரி. ஆனா மோர் ஊத்த முடியாது, அதுவும் பால்தான்."

அத்தை வெங்காயத்திடம் பேசுவது மாதிரி சொன்னாள்: "மிளகாய்க் காம்பு போட்டாலும் உறையும். மோரே இல்லாத வீட்ல அதான் செய்வாங்க."

"முந்திரிப் பால்லயுமா?"

"எனக்கென்ன தெரியும். நான் என்ன முந்திரில செஞ்சா பாத்தேன்?"

பச்சை மிளகாய்க் காம்புகளைக் கிள்ளி, கழுவி, முந்திரி விழுதில் செருகி வைத்தேன். பார்ப்பதற்குச் சின்னத் தோட்டம் மாதிரி இருந்தது.

ஜூலை 14

உறையவில்லை. இந்தக் குளிரில் எதுதான் உறையும், நான்தான் உறைகிறேன்.

ஜூலை 15

காலையில் எழுந்து பார்த்தால் பாத்திரம் நான் வைத்த இடத்தில் இல்லை. விறகடுப்பின் பக்கத்தில், வெதுவெதுப்பான கல் மேல், ஒரு பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மூடியைத் திறந்தேன். புளித்திருந்தது. உண்மையான புளிப்பு. மேலே சின்னச் சின்னக் குமிழி.

யார் வைத்தது என்று கேட்டேன். "எது?" என்றாள் அத்தை. ஸ்வெட்டர் அத்தையுடையது.

ஜூலை 20

ஜெயித்தோம். புளித்த முந்திரியோடு மரவள்ளி மாவும் தேங்காய் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அடுப்பில் வைத்து விடாமல் கிண்டினால் ஒரு கட்டத்தில் திடீரென்று மாறுகிறது. கரண்டியை விடாமல் பிடித்து இழுக்கிறது. அச்சில் ஊற்றி ஆறவிட்டோம். பேக்கரி அடுப்பில் ரொட்டி மேல் வைத்துச் சுட்டதும் உருகியது. ஷெர்லின் கடித்து இழுத்தாள். நூல் வந்தது. நீள நூல் இல்லை, வந்தது.

ஷெர்லினின் அப்பா ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "சீஸுக்குத் தங்கச்சி," என்றார். "கூடப் பொறந்ததில்ல. சித்தப்பா மக."

நான் மூன்று டோஸ்ட் சாப்பிட்டேன். உடம்பு: ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

ஒரு கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தை கட்டைவிரலால் அழுத்தினாள். முகர்ந்தாள். "ஈரம் ஜாஸ்தி. இன்னும் வடியணும்," என்றாள். வாயில் வைக்கவில்லை. பால் இல்லையே அத்தை, வேண்டுதல் கெடாதே என்றேன். மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்ததும் அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 29

ஆடிக் கிருத்திகை. கோயிலில் மாமாவின் உபயம், பால் பாயசம். அத்தைக்கு வேண்டுதல் இருக்கிறதே என்றார் பூசாரி. "சாமி பிரசாதத்துக்கு வேண்டுதல் கெடையாது, சாமி குடுத்தது," என்று சொல்லி மாமா தொன்னையை அத்தையின் கையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை குடித்தாள். எனக்கு விபூதி மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. வரும்போது முகம் வெளுத்திருந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை?"

"வெயில்," என்றாள்.

இன்று கொடைக்கானலில் காலையிலிருந்து மழை.

ஆகஸ்ட் 4

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஊசி போட்ட கை என்பதால் எழுத்து நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்று மாமாவே சப்பாத்திக்கு மாவு பிசைந்தார். மிகவும் மிருதுவாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உதடு கடுகடுத்தது. பிறகு கழுத்து. பிறகு வாந்தி. கண் பாதி மூடிக்கொண்டது. அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள். இவ்வளவு பெரிய என்னை அவள் எப்படித் தூக்கினாள் என்று தெரியவில்லை.

ஊசி போட்ட டாக்டர், "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். அத்தை, "சப்பாத்தி, உருளைக்கிழங்கு, வேற ஒண்ணுமில்ல சார்," என்றாள். பிறகு நிறுத்தினாள். மாமாவைப் பார்த்தாள்.

மாமா செருப்பைப் பார்த்தார். "தண்ணிக்குப் பதிலா கொஞ்சூண்டு பால் ஊத்திப் பெசஞ்சேன் சார். தெரியாமக் குடுத்தா உடம்பு பழகிரும்னு நெனச்சேன். மனசுல இருக்குற பயம்தான்னு..."

"மனசு எப்படிய்யா வீங்கும்? இந்த உதட்டப் பாரு," என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 5

பள்ளிக்குப் போகவில்லை. மாமா ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து கட்டில் ஓரம் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். மன்னிப்புக் கேட்கும் ஆரஞ்சு என்று வைத்துக்கொள்கிறேன். நான் அதைச் சாப்பிடவில்லை. பாலுக்கும் ஆரஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கொடுத்ததால் சாப்பிடவில்லை.

உடம்பு: வீக்கம் குறைந்துவிட்டது. கோபம் குறையவில்லை.

ஆகஸ்ட் 10

அத்தை என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீயும் வேண்டுதல்னு சொல்லிரு. பத்தாவது பாஸாகுற வரைக்கும் பால் தொடமாட்டேன்னு. அப்புறம் பன்னெண்டாவது. அப்புறம் காலேஜ். எவனும் உன் மாவுல பால் ஊத்த மாட்டான்."

"பொய் சொல்லணுமா அத்தை?"

"உடம்புக்கு ஆகாதுன்னா ஊரே வைத்தியம் சொல்லும், சோதிச்சுப் பாக்கும். சாமிக்குன்னு சொல்லிப் பாரு. எந்திரிச்சு நின்னு கும்பிடுவான்."

அவள் கை என் தலையில் நின்றுவிட்டது. நானும் திரும்பவில்லை. மழையும் பாயசமும் ஸ்வெட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்து உட்கார்ந்தன. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும், முகர்வதும்.

"எப்ப இருந்து அத்தை?"

"குனி. பின்னணும்," என்றாள்.

நான் வேண்டுதல் என்று சொல்ல மாட்டேன். அத்தையின் மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன். என் உடம்பு முருகனுக்குக் கட்டுப்பட்டு வீங்கவில்லை. அது தானாக வீங்குகிறது. அதை அப்படியே நம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 18

ஆடி முடிந்துவிட்டதால் புதுக் கடைக்கு நாள் குறித்தாகிவிட்டது: ஆகஸ்ட் 22. புது வீட்டில் பால் காய்ச்சுகிற மாதிரி புதுக் கடையிலும் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, வீட்டு ஆட்கள் முதலில் குடிக்க, பிறகு வந்தவர்கள் குடிக்க வேண்டுமாம். முதல் டம்ளர் வீட்டு அம்மாவுக்கு.

"அன்னிக்கோட உன் வேண்டுதலும் நிறைவேறுது பஞ்சு. இருபது வருஷம். எல்லார் முன்னாடியும் நான் என் கையால குடுக்குறேன்," என்றார் மாமா. அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் சந்தோஷப்படுகிறார். அதுதான் கஷ்டம்.

அத்தை, "பாப்போம்," என்றாள்.

பிறகு மாமா என்னிடம் வந்தார். "மருமகளே, நீ குடிக்க வேண்டாம். புரிஞ்சுருச்சு எனக்கு. டம்ளர வாங்கி வாய்க்கிட்ட கொண்டு போ, போதும். குடிச்ச மாதிரி. எவனும் உன் வாய்க்குள்ள எட்டிப் பாக்கப் போறதில்ல."

"முடியாது மாமா."

"சீஸ்காரன் வீட்டுப் பிள்ளைக்கே பால் ஆகாதாம்னு ஊர் பேசுச்சுன்னா கட எப்படி ஓடும்? கொஞ்சம் நடிக்கக் கூடவா முடியாது?"

"நடிச்சா அடுத்த தடவ நிஜமாவே குடுப்பீங்க."

மாமா முகம் சிவந்தது. "அப்ப சரி. எல்லார் முன்னாடியும் என்னைய அசிங்கப்படுத்துற மாதிரி இருந்தா உங்கப்பாவ வரச் சொல்லிருவேன். கூட்டிட்டுப் போகட்டும்."

போக வேண்டியிருந்தால் இந்த வருடம் போய்விடும். திருப்பூர்ப் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது, நடு வருடத்தில் இடம் இல்லை என்று அப்பா முன்பே கேட்டுச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பை மறுபடி படிக்க வேண்டும். நான் ஒரு வகுப்பைக்கூட இரண்டாவது முறை படித்ததில்லை.

ஆகஸ்ட் 21

இரவு: ரசம் சாதம். பயமாக இருக்கிறது. இதுவும் உடம்பு கணக்கில் வரும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதுக் கடை மிகவும் அழகு. கண்ணாடி அலமாரி முழுக்க அத்தை செய்த சீஸ். வாசலில் வாழை மரம். வியாபாரிகள் சங்கத் தலைவர், பேங்க்காரர், பண்ணைக்காரர்கள், ஷெர்லினும் அவள் அப்பாவும், தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பித்தளைப் பானையில் பால் பொங்கியது. குலவை போட்டார்கள்.

மாமா டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "என் வீட்டுக்காரி இந்தக் கடைக்காக வாயக் கட்டுனவ. இன்னிக்கு முதல் பால் அவளுக்கு."

கைதட்டினார்கள். அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. சூடு ஆறட்டும் என்று வைத்திருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

மாமா இரண்டாவது டம்ளரை என்னிடம் நீட்டினார். கண்ணால் ஏதோ சொன்னார். கெஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும்.

"எனக்குப் பால் சேராது மாமா," என்றேன். குரல் வெளியே வரவே இல்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை வாசல் வரைக்கும் கேட்டது.

சங்கத் தலைவர் சிரித்தார். "என்ன தவமணி, பால்காரன் வீட்டுப் பிள்ளைக்கே பால் சேரலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அத்தைய மாதிரி இவளும் ஒரு வேண்டுதல்."

"வேண்டுதல் இல்ல," என்றேன். "குடிச்சா உதடு வீங்கும், மூச்சு முட்டும். போன மாசம் வரைக்கும் யாரும் நம்பல. இந்த மாசம் ஊசி போட்டாங்க."

மாமாவின் கையில் டம்ளர் சாய்ந்து, பால் அவர் விரலில் வழிந்தது. நான் இனி திருப்பூருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். எந்தப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது அத்தை தன் டம்ளரைக் கண்ணாடி அலமாரி மேல் டக்கென்று வைத்தாள்.

"எனக்கும் வேண்டுதல் இல்ல," என்றாள்.

"பஞ்சு," என்றார் மாமா.

"எனக்கும் பால் ஆகாது. குடிச்சா வயிறு ஊதிக்கும், ஓடணும். கல்யாணத்தன்னிக்கு உங்க வீட்டாளுங்க பாலும் பழமும் குடுத்தீங்களே, அன்னிக்கு விடியுற வரைக்கும் நான் எங்க இருந்தேன்னு ஞாபகம் இருக்கா? பொண்ணு வெக்கப்படுறான்னீங்க. மறுநாளும் குடுத்தீங்க. பால்காரன் வீட்டுக்கு வந்துட்டு ஆகாதுன்னு எப்படிச் சொல்ல? முருகன் மேல பாரத்தப் போட்டேன். அவன்தான் இருபது வருஷமா என் வயித்தக் காப்பாத்துனான்."

யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கேலிச் சிரிப்பு மாதிரி எனக்குப் படவில்லை.

சங்கத் தலைவர் அலமாரியைப் பார்த்தார். "அப்ப இந்தச் சீஸயெல்லாம் ருசி பாக்காமலேயாம்மா செஞ்சீங்க, இத்தன வருஷமா?"

"மூக்கும் விரலும் இருக்குல்ல. நீங்க மாசா மாசம் வாங்குறீங்களே அண்ணே, நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன."

கடையில் இப்போது ஒரு சிக்கல் இருந்தது. முதல் பாலை வீட்டு ஆள் குடித்தால்தான் மற்றவர்கள் குடிக்க முடியும். பூசாரி, "அப்ப யாருதான் குடிக்கிறது? பால் ஆடை கட்டுது," என்றார்.

மாமா தன் கையில் இருந்த டம்ளரைக் குடித்தார். பிறகு அலமாரி மேல் இருந்ததையும் எடுத்துக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால் வந்ததா என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 23

காலையில் மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். "மாப்ள, ஞாயித்துக்கெழம வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போ." வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். "நல்லது. அவ கூட நானும் ஒரு எட்டுப் போயிட்டு வர்றேன். எப்ப வருவேன்னு சொல்ல முடியாது," என்றாள். "பால் வந்துருச்சு. போயி செய்யிங்க."

"யாரு?"

"நீங்கதான். ருசி பாக்குற ஆள் செஞ்சா இன்னும் நல்லா வரும்."

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். அத்தை ஷெட் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த முந்திரிக் கட்டி இருந்தா ரொட்டில வச்சுச் சுட்டுக் கொண்டா," என்று என்னிடம் சொன்னாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி கடித்துவிட்டு நிறுத்தினாள். நெடுநேரம் மென்றாள். வாழ்நாள் முழுக்கச் சீஸ் செய்த ஒருத்தி அது வாயில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

"உப்பு பத்தல," என்றாள். "நூல் இன்னும் நீளமா வரணும். மரவள்ளி மாவு கூட ஒரு பிடி. நாளைக்கு நான் செஞ்சு காட்டுறேன்." இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று.

உள்ளே மாமா பாலை அதிகம் சூடாக்கிவிட்டார். சரியாகத் திரளவில்லை, ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. "பஞ்சு, இது என்ன இப்படி இருக்கு?" என்று குரல் வந்தது.

"மோந்து பாருங்க, தெரியும்," என்றாள் அத்தை, வாய் நிறைய ரொட்டியோடு.

ஆகஸ்ட் 24

நேற்றைய பால் முழுவதும் வீண். கடையில் ஆள் குறையவில்லை. அதற்கு மாறாக, பால் குடிக்க முடியாத அம்மா செய்த சீஸ் எது என்று கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்களாம். மாமா இதைச் சொல்லவில்லை, ஷெர்லின் சொன்னாள். அவளுடைய அப்பா, முந்திரிச் சீஸ் ரொட்டிக்குப் பேக்கரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகவும் சொன்னாராம்.

சாயங்காலம் மாமா வாசலில் நின்றுகொண்டு போனில் பேசினார். நான் ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்டது தவறு, ஆனால் கேட்டது உண்மை.

"மாப்ள, லீவு கீவு போட்டுட்டு அலையாத. பிள்ள இங்கயே இருக்கட்டும். ... இல்ல, இல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ... உங்கக்கா? உங்கக்காவுக்கு என்ன, என்னைய வேலைக்கு வச்சிருக்கா."

ஆகஸ்ட் 25

ஞாயிற்றுக்கிழமை. அப்பா வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மாமா அடுக்களையில் தோசைக்கல்லைப் போட்டார். நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.

"என்ன மருமகளே, பசிக்கலையா?"

"எண்ணெய் பாட்டிலக் காட்டுங்க மாமா."

காட்டினார். நல்லெண்ணெய். திறந்து முகர்ந்தேன்.

"கரண்டி?"

கரண்டியையும் கொடுத்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கல்லில் காலையில் வார்த்த நெய் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன் என்றார். எனக்கு முன்னால் இன்னொரு முறை தேய்க்கச் சொன்னேன். சூடான கல்லை இறக்கி, ஆறவைத்து, தேய்த்தார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இப்படித்தான் தெனமும் பாப்பியா?" என்றார் மாமா.

"தெனமும் பாப்பேன் மாமா."

"பாத்துக்க. நல்லாப் பாத்துக்க."

நான்கு விரலையும் கட்டைவிரலையும் அவரே விரித்து நீட்டினார். கையையும் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. அதன் பிறகுதான் தட்டு எடுத்து வந்தேன்.

இரவு: தோசை, தக்காளிச் சட்னி. உடம்பு: ஒன்றும் இல்லை.

மாமாவை மன்னித்துவிட்டேனா என்று எழுத நினைத்தேன். அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், ஆனால் அத்தை, மீதி நாளைக்கு இருக்கட்டும் என்று சொல்லி லைட்டை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.